கோல்னாரின் ஐந்தாவது நேர்காணல்

"பல் கட்டுற வேலை நல்லா வருமான்னு அந்த டாக்டரம்மா கேட்டாங்க, சரி. நீ என்ன சொன்னே? முதல்ல அதைச் சொல்லு."

கோல்னார் குளிர்க்கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஏதோ சுமாரா வரும்னு சொன்னேன்."

அவள் கணவன் காம்யார் நெற்றியில் கை வைத்துக்கொண்டான். "சுமாராவா? ஷிராஸ்ல உன்கிட்ட பல் கட்டிக்க ரெண்டு மாசம் காத்துக் கிடந்தாங்களே, அது சுமாரா?"

"அதை நானே எப்படிச் சொல்றது? நம்ம ஊர்ல நாம சுமார்னு சொன்னா, எதிர்ல இருக்கறவங்க 'அடடா, அப்படிச் சொல்லாதீங்க'ன்னு நம்மளைத் தூக்கி வைப்பாங்க. இந்தம்மா தலையை ஆட்டிட்டு தாள்ல எழுதிக்கிட்டாங்க."

"இது டொரான்டோ. இங்க சுமார்னா சுமார்தான்."

இது ஐந்தாவது இடம். மூன்று வருடம் வீட்டிலிருந்தே புதிதாகப் படித்து, கனடாவின் தேர்வுகளையெல்லாம் எழுதி, பல் மருத்துவர் உரிமமும் வாங்கிவிட்டாள். ஆனால் போன இடமெல்லாம் ஒரே கேள்விதான் குறுக்கே நின்றது. நடுவில் பதினோரு வருடம் எங்கே போனது? இரட்டைக் குழந்தைகள், ஈரானைவிட்டு நாடு மாறியது, படுக்கையில் விழுந்த மாமியாரை நான்கு வருடம் பார்த்துக்கொண்டது. இதையெல்லாம் எந்தப் படிவத்தில் எழுதுவது?

"கடைசியா அந்த டாக்டர் மக்லாட் ஒண்ணு சொன்னாங்க. உங்க கைவேலையை நேர்ல பார்த்த யாராவது ஒரு வார்த்தை சொன்னா யோசிக்கிறேன்னாங்க."

"ஷிராஸ்ல உன் பெரிய டாக்டர்?"

"இறந்துட்டார். அந்த கிளினிக் கட்டடமே இப்போ இல்லை."

ஜன்னலோரம் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு செருமல் கேட்டது. காம்யாரின் தகப்பனார் இஸ்ஃபந்தியார், ஓய்வுபெற்ற நீதிபதி. எழுபத்தெட்டு வயதிலும் நிமிர்ந்துதான் உட்காருவார்.

"என் மருமக சொன்னதுதான் சரி. தன்னைத் தானே புகழ்ந்துக்கிற பழக்கம் நம்ம குடும்பத்துல எவருக்கும் கிடையாது."

"புகழ வேண்டாம் ஆகாஜான்," என்றான் காம்யார். அப்பாவை அவன் அப்படித்தான் கூப்பிடுவான், அவளும் அப்படித்தான். "தெருக்கோடியில நம்ம ஊர்க்காரர் பஹ்ராமி இருக்கார். அவருக்கு எல்லா டாக்டரையும் தெரியும். நீங்க போய் ஒரு வார்த்தை..."

"சிபாரிசா? சிபாரிசோட வந்தவனை எல்லாம் வாசலோட திருப்பி அனுப்பினவன் நான். இந்த வயசுல ஒருத்தர் வாசல்ல போய் நிக்கணுமா?"

"நிக்க வேண்டாம். அவர் வீட்டுல நல்ல சோபா இருக்கு, உக்காந்தே கேளுங்க."

கிழவர் சிரிக்கவில்லை.

கோல்னார் மெதுவாகச் சொன்னாள். "ஒரு கிளினிக்ல டெலிபோன் எடுக்க ஆள் கேட்டிருக்காங்க. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும். சரின்னு சொல்லிடப் போறேன்."

"பல் டாக்டர் டெலிபோன் எடுக்கிறதா? இந்த வீட்டுப் பேரு என்ன ஆகும்?"

பதினெட்டு வருடத்தில் அவள் அவரை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. அன்று பேசினாள்.

"வீட்டுப் பேரை நீங்க பத்திரமா வச்சிருக்கீங்க ஆகாஜான். எனக்கு பதினோரு வருஷத்துல அந்த கிளினிக் மருந்து வாசனையே மறந்துபோச்சு. டெலிபோன் எடுத்தாலாவது அது கிடைக்கும். டெலிபோனையும் விட்டா, நான் டாக்டர்ங்கிறதே எனக்கு மறந்துடும்."

நீதிபதி செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போனார். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. கத்தியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

மறுநாள் காலை அவர் கோட்டும் டையும் அணிந்து, காலணியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"ரொட்டி வாங்க."

"ரொட்டிக்கு டை எதுக்கு?"

"ரொட்டிக்கடையிலயும் மனுஷங்கதான் இருக்காங்க," என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போனார். இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்தாள்.

பத்து நிமிட நடையில் இருக்கிற கடைக்குப் போனவர் பிற்பகல்தான் திரும்பினார். கையில் ரொட்டி இருந்தது. கேட்டதற்கு, "வரிசை நீளம்," என்றார். அவள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்தபடி ஒரு வாய் உறிஞ்சினார். சாயம் சரியாக இறங்கியிருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கோல்னார் கைப்பேசியை எடுத்தாள். எண்ணை அழுத்துவதற்குள் அதுவே அடித்தது.

"டாக்டர் மக்லாட் பேசறேன். திங்கட்கிழமை வந்து சேர முடியுமா?"

"என் வேலையைப் பார்த்த யாராவது சொல்லணும்னு கேட்டீங்களே..."

"நானே பார்த்துட்டேன். கட்டிப் பதினாறு வருஷம் ஆச்சாம், இம்மி அசையலை. ஈறுல ஒரு சிவப்பு இல்லை. இதைப் போயா சுமார்னு சொன்னீங்க?"

"எங்க பார்த்தீங்க?"

"காலையில ஒரு பெரியவர் வந்தார். முன்கூட்டி நேரம் வாங்கலைங்கறதால மூணு மணி நேரம் வாசல்கிட்டயே நிமிர்ந்து நின்னுக்கிட்டிருந்தார். உள்ளே வந்தும் உங்களுக்காக ஒரு வார்த்தை பேசலை, நாற்காலியில சாய்ஞ்சு வாயைத் திறந்தார், அவ்வளவுதான். இந்தப் பல்லையெல்லாம் யார் கட்டினதுன்னு நானாத்தான் கேட்டேன். 'என் மகள், டாக்டர் கோல்னார்'னார்."