இறங்கும் முன் கூப்பிடும் பெயர்கள்

ஹிபோக்-ஹிபோக் மலை உச்சியில் மேகம் விலகியதும், நான் கூட்டி வந்த மூவரில் இருவர் கடலைப் பார்த்தார்கள். ஆர்னெல் சோற்றுப் பொட்டலத்தை அவிழ்த்தான்.

தென்னங்குருத்துக் கூட்டில் வேகவைத்த சோறு, கருவாடு, ஒரு தக்காளி. அடிவாரத்தில் என் சித்தியின் கடையில் பேரம் பேசி வாங்கியது.

எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன் என்று சித்தி அவனுக்கு முதல் நாளே பட்டம் கொடுத்துவிட்டாள். ஆனாலும் திட்டிக்கொண்டே தேங்காய்ப்பால் கோழிச்சாற்றை இன்னொரு கரண்டி ஊற்றுவாள்.

கருவாட்டில் பெரிய துண்டு என் பக்கம் வந்தது. போன முறையும் அப்படித்தான் வந்தது.

கமிகின் தீவுக்கு இது அவனுடைய மூன்றாவது வருகை. முதல் முறை அருவியும் வெந்நீர் ஊற்றும். அடுத்த முறை வெள்ளை மணல் திட்டும் கடலில் மூழ்கிய கல்லறைத் தோட்டமும். இப்போது மலை. அவன் ஊரான செபுவிலிருந்து கப்பலில் இருப்பதிலேயே மலிவான கட்டில், சித்தி வீட்டில் ஒரு பாய், ரோட்டோரச் சாப்பாடு. எல்லாவற்றிலும் சிக்கனம் பார்ப்பவன், வழிகாட்டியை மட்டும் விடவில்லை. மூன்று முறையும் நான்தான்.

தீவைச் சுற்றி இருப்பது ஒரே சாலை, அருவிக்குப் போக வழிகாட்டி எதற்கு என்று அப்போதே கேட்டேன்.

"தொலைஞ்சு போயிட்டா?" என்றான்.

இந்த முறை தன் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ரோவேனாவையும் அவள் கணவன் ஜுன்ரிலையும் கூட்டி வந்திருந்தான். ரோவேனா சும்மா இருக்கமாட்டாள்.

"மலையும் ஏறியாச்சு. இனிமே இந்தத் தீவுல பாக்க உனக்கு என்னடா பாக்கி? அடுத்த வருஷம் வேற தீவைப் பாரு."

"பாக்க ஒண்ணும் பாக்கி இல்லதான்" என்றான் ஆர்னெல், வாய் நிறையச் சோற்றோடு.

எனக்கு அதற்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை.

பாதி வழியில் உட்கார்ந்து அழும் ஆட்களை வாயாலேயே உச்சிக்குத் தள்ளிக்கொண்டு வருகிறவள் நான். "மறுபடி வா" என்று இரண்டு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

மேகம் மறுபடி சூழத் தொடங்கியது. இறங்க வேண்டும்.

இறங்கும் முன் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு; அருவி, மணல் திட்டு என்று எங்கிருந்து கிளம்பினாலும் அதேதான். வந்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கேட்டவர் பதில் சொல்ல வேண்டும். உடம்புக்குக் கால் இருக்கிறது, அது பாட்டுக்கு இறங்கிவிடும். உயிர்தான் வேடிக்கை பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். கூப்பிடாமல் விட்டால் ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் ஆளுக்குச் சோறு பிடிக்காது, தூக்கம் வராது. கடைசியில் விட்ட இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும்.

இத்தனை வருடத்தில் நான் ஒருவரையும் விட்டதில்லை. வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டே ஏறியவனைக்கூடக் கூப்பிட்டுத்தான் இறக்கியிருக்கிறேன்.

"ரோவேனா, வா, வீட்டுக்குப் போகலாம்."

"வந்துட்டேன்!"

"ஜுன்ரில், வா, வீட்டுக்குப் போகலாம்."

"வந்துட்டேன், வந்துட்டேன்."

அதோடு நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். "கல்லு வழுக்கும், பாத்து இறங்குங்க" என்றேன்.

தெரிந்தேதான் செய்தேன். பாவம்தான். காய்ச்சலில் விழுந்தாலும் விழட்டும், கஞ்சி வைத்துக் கொடுக்க நான் இருக்கிறேன்.

ரோவேனாவும் ஜுன்ரிலும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தார்கள். ஆர்னெல் மட்டும் நகரவில்லை.

"மேடம், ஒரு பேரு விட்டுப்போச்சு."

எனக்குக் காது சுட்டது. மூன்று முறை வந்தவனுக்கு வழக்கம் தெரியாமல் இருக்குமா?

"கூப்பிட்டேனே. காத்துல கேட்டிருக்காது" என்று புளுகினேன்.

"என் பேரைச் சொல்லல. அது கிடக்கட்டும். ஒவ்வொரு தடவையும் பாக்குறேன், நீங்க எல்லாரையும் கூப்பிடுறீங்க. உங்கள யாரும் கூப்பிடலையே?"

வழிகாட்டியை யார் கூப்பிடுவார்கள்? எனக்கே அப்படி ஒன்று தோன்றியதில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை ஏறி இறங்குகிறவளுக்கு அதெல்லாம் எதற்கு என்று சொல்ல நினைத்தேன். ஆனால் கண் கலங்கிவிட்டது.

அவன் கருவாட்டுக் கையைக் காற்சட்டையில் துடைத்தான். தேவாலயத்தில் நிற்பது போல நேராக நின்றான். மேகத்தைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினான்.

"ஜோவெலின்! வா, வீட்டுக்குப் போகலாம்!"

கீழே பாறைக்குப் பின்னாலிருந்து ரோவேனா கேலியாக ஊளையிட்டாள். ஜுன்ரிலின் குரல் அதற்கு மேல் வந்தது.

"எந்த வீட்டுக்குடா? செபுவுக்கா, சித்தி வீட்டுக்கா?"

ஆர்னெலின் முகம் தக்காளியாகச் சிவந்தது. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கூப்பிட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

"வந்துட்டேன்" என்றேன்.

அவன் பெயரை மட்டும் அடிவாரம் வரை நான் கூப்பிடவில்லை. எதற்கும் இருக்கட்டும்.