சிவப்பு நாசில் வேண்டாம்

"மாப்பிள்ளே, சிவப்பு நாசில் வேணாம்! தண்ணி ஊசியா பாயும், பெயின்ட் போயிடும். வெள்ளையை மாட்டுங்க, விசிறியா விரிஞ்சு மெதுவா விழும்," என்று, வேனைக் கழுவ பிரஷர் வாஷரை எடுத்த மருமகனிடம் பதறி ஓடிவந்தார் மாமனார்.

தனக்குப் பரிசாகக் கொடுத்த பழைய வேன்மேல் மனிதருக்கு இத்தனை பாசமா என்று மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது.

"நாளைக்குக் குடும்பத்தோட முதல் பயணம், மாமா. பளபளன்னு இருக்க வேணாமா?"

"ராசியான வண்டிங்க. இதுல போனவங்க ஒருத்தர்கூட இதுவரைக்கும் குறை சொன்னதில்லை!"

மாப்பிள்ளை பிரஷர் வாஷர் துப்பாக்கியின் வளையத்தைப் பின்னுக்கு இழுத்து, சிவப்பையே டக்கென்று செருகி விசையை அழுத்தினார். சேற்றோடு பெயின்டும் உரிந்தது. அடியிலிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாய் எட்டிப் பார்த்தன: 'அமரர் ஊர்தி'.

"மாமா... ஒருத்தரும் குறை சொன்னதில்லைன்னீங்களே?"

"சத்தியமா, மாப்பிள்ளே. ஒருத்தர்கூட வாயைத் திறக்கலே."