மானுக்கு விதைத்த நிலம்

“மானைச் சுடப்போறாங்கள், அக்கா. வேட்டைக்காரனைக் கூப்பிட விண்ணப்பம், அதுதான் அன்ட்ராக், எழுதியாச்சு.”

மண்வெட்டியில் சாய்ந்தபடி, இலங்கையிலிருந்து வந்த அல்பேர்ட் சொன்னார். ஜெர்மனியின் எசன் நகர ஓரத்தில், காட்டை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் பதினெட்டு ஆண்டுகளாக அவருக்கு வேலை. குழி தோண்டுவதும் அவரே, செடி நடுவதும் அவரே.

எதிரே நின்றவர் தேவமலர். அவருடைய கணவர் தங்கராசாவின் சாம்பல் அங்கேதான் புதைக்கப்பட்டிருந்தது. ஒன்பது ஆண்டுகளாக மாதம் தவறாமல் வருகிறார்.

சில ஆண்டுகளாக மூன்று மான்கள் வேலி தாண்டி வந்து கல்லறைப் பூக்களைத் தின்றன. ரோஜா, பெகோனியா எதையும் விடவில்லை. நாற்பது குடும்பங்கள் முறையிட்டுவிட்டன. மூன்றும் பெண்மான்கள். செப்டம்பர் முதலாம் தேதிக்கு முன் அவற்றைச் சுடச் சட்டம் விடாது. அன்று காலை வேட்டைக்காரர் வருவார்.

தேவமலர் நேரே அலுவலகத்துக்குப் போனார். பொறுப்பாளர் திருமதி பிறாண்டிடம் ஒரு யோசனை சொன்னார். காட்டோரத்தில் ஒரு துண்டு நிலம் சும்மா கிடக்கிறது. அதில் க்ளே விதைக்கலாம். மூன்று இலை விட்டுத் தரையோடு படரும் அந்தப் பூண்டு மானுக்கு ரோஜாவைவிடப் பிடிக்கும். வயிறு அங்கேயே நிறைந்தால் அது ஏன் கல்லறைப் பக்கம் வரப்போகிறது?

பிறாண்ட் ஓகஸ்ட் கடைசி நாள் வரை தவணை கொடுத்தார். அன்று தானே வந்து பார்ப்பாராம். ஒரு பூ கடிபட்டிருந்தாலும் மறுநாள் துப்பாக்கி வரும்.

“ஒரு பூவோ?” அல்பேர்ட் தலையில் கை வைத்தார். “உங்களுக்கு விசர், அக்கா.”

“ஓம். விதை எங்க வாங்கலாம்?”

ஏப்ரலில் விதைத்தார்கள். ஒன்றும் முளைக்கவில்லை. அல்பேர்ட் போஞ்சி விதை ஊன்றுவதுபோல ஒரு விரல் ஆழத்தில் மூடியிருந்தார். க்ளே விதையோ எள்ளைவிடச் சிறியது.

“விதைச்சனீங்களோ, அடக்கம் செய்தனீங்களோ?” என்றார் தேவமலர்.

“எனக்குத் தெரிஞ்ச வேலையைச் செய்தனான்.”

மே மாதம் இரண்டாம் விதைப்பு. இந்த முறை தேவமலரே விதையை உலர்ந்த மணலோடு கலந்து வீசினார். மண் போட்டு மூடவில்லை. விதை மண்ணோடு ஒட்ட மேலே அழுத்த வேண்டும். அதற்கு உருளை இல்லை. தேவமலர் தொலைபேசியை எடுத்தார்.

சனிக்கிழமை, ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குப் புறப்பட்ட அவருடைய தோழிகள் பதினொரு பேர் வழியில் வந்து இறங்கினார்கள். சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகி, விளையாட்டுச் சப்பாத்துக் கால்களுடன் தோளோடு தோள் நின்று நிலத்தை மிதித்தார்கள். அம்மன் வீதியைக்கூடத் தான் இத்தனை தரம் சுற்றியதில்லை என்று அவர்களில் ஒருத்தியான தீப்தி முணுமுணுத்தாள். அந்த வழியாக வந்த ஜெர்மன் முதியவர் ஒருவர், இறந்தவருக்கான சடங்கு என்று எண்ணித் தொப்பியைக் கழற்றி நின்றார். அவர் போகும்வரை ஒருவரும் சிரிக்கவில்லை.

பத்தாம் நாள் பச்சை தெரிந்தது.

ஜூலையில் மழை நின்றது. தேவமலர் முதியோர் இல்லச் சமையலறை வேலையை முடித்து, இரண்டு பேருந்து மாறி வந்து, குழாயிலிருந்து தண்ணீர் சுமந்தார். முழங்கால் வீங்கியது. அல்பேர்ட் வேலை நேரம் முடிந்தும் மறு வாளியைப் பிடித்தார். மாதக் கடைசியில் நிலம் வெள்ளையாய்ப் பூத்தது. முதல் மான் வந்தது. மறுநாளும் வந்தது.

ஓகஸ்ட் முப்பத்தொன்று. பிறாண்ட் பட்டியலோடு வந்தார். வரிசை வரிசையாக நடந்தார். தேவமலரும் அல்பேர்ட்டும் பின்னால் போனார்கள். ஒன்பதாம் வரிசையில் ஒரு ரோஜா இதழில் ஓட்டை. பிறாண்ட் குனிந்தார். அல்பேர்ட் சிலுவை போட்டுக்கொண்டார்.

இலைக்கடியில் ஈரமாக ஒரு கோடு பளபளத்தது.

நத்தை என்றார் பிறாண்ட். அடுத்த வரிசைக்குப் போனார்.

முந்நூறு கல்லறைகள். ஒரு பூவும் கடிபடவில்லை. காட்டோரத்தில் மூன்று மான்களும் க்ளேயில் முகம் புதைத்து மேய்ந்துகொண்டிருந்தன. ஆட்களைக் கண்டும் தலை நிமிரவில்லை. பிறாண்ட் வேட்டைக்கான விண்ணப்பத்தை எடுத்துக் குறுக்கே கோடு கிழித்தார். கையெழுத்திட்டுத் தேவமலரிடமே கொடுத்தார். அடுத்த ஆண்டு இதுபோல் இரண்டு மடங்கு நிலம் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

“வெண்டிட்டீங்கள், அக்கா,” என்றார் அல்பேர்ட். பிறகு ஐந்து மாதமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டார். “இந்த மானுகளில உங்களுக்கு ஏன் இவ்வளவு பட்சம்?”

தேவமலர் பிறாண்ட் போய் மறைந்துவிட்டாரா என்று பார்த்தார்.

“ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, தம்பி. இதுகளை இஞ்ச பழக்கினதே நான்தான். மாசம் மாசம் அவருக்குக் கல்லறையில படைச்சு வச்சனான். இந்த ஊர்க் காகம் ஒண்டும் திரும்பியும் பாக்கேல்லை. மான் வந்து சாப்பிட்டுது.”

பையைத் திறந்து, பூசணித் துண்டும் வாழைப்பழமும் வைத்த தட்டை எடுத்துக்கொண்டு அவர் க்ளே நிலத்தை நோக்கி நடந்தார்.

“இனி அவர் அங்கயே இருந்து சாப்பிடட்டும்.”