ஏழு பதினாறு

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கினார். மேலே மொட்டைமாடித் தளத்தில் இருந்த நாங்கள் பன்னிரண்டு பொம்பளைகளும் தளம் அடிக்கிற கட்டையை அப்படியே அந்தரத்தில் நிறுத்தினோம்.

சத்தம் நின்றதுதான் தாமதம், கீழே ஓலைக் கொட்டகையில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த பையன்களும் நின்றுவிட்டார்கள்.

“ஏழு பதினாறு…” என்று இழுத்தவர்கள்தான். பிளந்த வாய் பிளந்தபடி நிற்கிறான்கள்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் புத்தகத்தில் நல்லபடியாக எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் தென்காசியில் அந்தப் பள்ளிக்கூடம் நிலைக்கும். இல்லையென்றால் இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். புதுக் கட்டடத்துக்கு மரமும் செங்கல்லும் கொடுத்த ஊர்க்காரர்கள் எல்லாரும் வேலியோரம் மூச்சுவிடாமல் நின்றார்கள்.

பையன்களைச் சொல்லிக் குற்றமில்லை.

தளம் அடிக்கிற வேலை பாட்டில்லாமல் நடக்காது. சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, வரிசையாக உட்கார்ந்து அடிக்க வேண்டும். பாட்டு இருந்தால்தான் பன்னிரண்டு கட்டையும் ஒன்றாக விழும். இல்லாவிட்டால் இங்கன மேடு, அங்கன பள்ளம்.

பாட்டுக்காரி நான்தான், குருவம்மாள். முதல் நாளே ஹெட்மாஸ்டர் காந்திமதிநாதய்யா குடுமியைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல பாட்டு. மனுஷன் ஏணியடியில் வந்து நின்று குதித்தார்.

“படிக்கிற எடத்துல என்ன பாட்டு வேண்டிக் கெடக்கு? வாய மூடிக்கிட்டு அடிங்க!”

மூடினோம். அதற்காகக் கை சும்மா இருக்குமா? கீழே பையன்கள் கத்துகிற வாய்ப்பாட்டுக்கே அடித்தோம். இரண்டு நாள் போனதும், அவர்கள் சொல்லுக்கு நாங்கள் அடிக்கிறோமா, எங்கள் அடிக்கு அவர்கள் சொல்கிறார்களா என்பதே தெரியவில்லை. மூன்றாம் வாய்ப்பாட்டில் முக்கிக்கொண்டிருந்த பயல்கள் பதினைந்தே நாளில் பதினாறுக்கு வந்துவிட்டார்கள்.

இப்போது கட்டை நின்றது. கணக்கும் நின்றுவிட்டது.

ஹெட்மாஸ்டர் என்னை அண்ணாந்து பார்த்தார். குடுமி நடுங்குவது மேலேயிருந்தே தெரிந்தது. எனக்குப் பாவமாகிவிட்டது.

நடக்கிறது நடக்கட்டும் என்று கட்டையை ஓங்கி ஒரு போடு போட்டேன்.

“நூத்திப் பன்னிரண்டு!” என்று கொட்டகையே அலறியது.

அப்புறம் யார் நிறுத்த? பன்னிரண்டு கட்டையும் விழுந்தது. எட்டு, ஒன்பது, பத்து என்று, பதினாறு பதினாறு இருநூத்தி ஐம்பத்தாறில் போய்த்தான் மூச்சு வாங்கினான்கள்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து நேரே வந்து ஏணியில் ஒரு காலை வைத்தார்.

கட்டையைப் போட்டுவிட்டு ஏணிப் பக்கம் நகர்ந்தேன்.

“ஐயா, மேல வராதீங்க! தளம் ஈரமா கெடக்கு, மிதிச்சா குழிஞ்சு போவும்!” என்று கத்திக்கொண்டே கடுக்காய்த் தண்ணீரை அள்ளி ஓரத்தில் தெளித்தேன். அவசரத்தில் அவருடைய வெள்ளைக் கோட்டிலும் நாலு சொட்டு விழுந்தது.

கோட்டைத் துடைத்துக்கொண்டு காலை எடுத்துவிட்டார். போய் உட்கார்ந்து எழுதினார். கையெழுத்தும் போட்டார். வேலியோரம் ஒரே கைதட்டல். ஹெட்மாஸ்டர் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

வண்டியில் ஏறப்போனவர் என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து என்னைப் பார்த்தார்.

“தளம் இறுகி நாளாச்சு போலிருக்கேம்மா, சத்தமே சொல்லுதே. கை வலிக்கும், பலகைய அடிச்சது போதும், கட்டையக் கீழ வைங்க.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

முகப்புக் கல்லில் தளம் முடிந்த நாள் என்று இன்றைக்கும் இன்ஸ்பெக்டர் வந்த அந்தத் தேதிதான் இருக்கிறது. பொய். தளம் ஐந்து நாளைக்கு முன்பே முடிந்து, கொத்தனார் அண்ணாச்சி அடுத்த வேலைக்குச் சுரண்டைக்குப் போயாச்சு. மறுநாள் காலையிலேயே ஹெட்மாஸ்டர் எங்கள் தெருவுக்கு ஓடி வந்தார். அடி நின்றதிலிருந்து ஒரு பயலும் வாயைத் திறக்கவில்லையாம். இன்ஸ்பெக்டர் வந்து போகிறவரைக்கும் ஏதாவது பழைய கதவுப் பலகையைப் போட்டாவது அடியுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

வருகிறோம், ஆனால் வேலை முடிந்ததும் ஒரே ஒரு பாட்டுக்கு எங்கள் வாயைத் திறக்க விட வேண்டும் என்றேன். சரி என்றார்.

வண்டி தெருமுக்குத் திரும்பியது. நான் குடுமிப் பாட்டை எடுத்தேன்.

ஏணியடியில் நின்று தாளம் போட்டவர் ஹெட்மாஸ்டர்.