டீ வாங்கிக் கொடுத்தவர்

எண்பத்து நாலாம் வருடம். தருமபுரியில் லாரி செட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில், டிரைவர் சவுரியப்பனுக்கு வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வலிய வந்து டீ வாங்கிக் கொடுத்தார்.

"வேலையெல்லாம் எப்படிங்க? பம்பாய் போய்ட்டு வந்தா ரெஸ்ட் குடுக்கறாங்களா?"

சவுரியப்பன் உஷாரானான். டிரைவர்களின் வாயைக் கிளற முதலாளி ஆள் அனுப்புவது வழக்கம். போன மாதம் அப்படி வாயைக் கொடுத்த இரண்டு பேருக்கு வேலை போயிருந்தது.

"ரெஸ்ட்டுங்களா? தூங்கித் தூங்கி உடம்பே ஊதிப்போச்சுங்க."

"சம்பளம்?"

"செலவு பண்ணத்தான் வழி தெரியலீங்க."

"தொப்பூர் கணவாயில பிரேக் புடிக்கலைன்னு..."

"எங்க முதலாளி வண்டிங்களா? தொட்டா பூ மாதிரி நிக்குமுங்க!"

அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

"ரொம்ப சந்தோஷம். நான் லேபர் ஆபீசர். உங்க கம்பெனி மேல மொட்டைக் கடுதாசி வந்துச்சு. அத்தனையும் பொய்னு எழுதி மூடிடறேன்."

பையிலிருந்து மூன்று பக்கக் கடிதத்தை எடுத்து விரித்தார்.

"இது யார் எழுத்துன்னு தெரியுதா? உங்க முதலாளி கேக்கறாரு."

சவுரியப்பன் டீ கிளாசைக் கீழே வைத்தான்.

"தெரியலீங்க."

"சரி, நீங்க சொன்னதுக்குக் கீழே பேரெழுதிக் கையெழுத்துப் போடுங்க."

ஒரு வாரம் உட்கார்ந்து அந்த மூன்று பக்கத்தையும் எழுதித் தபாலில் போட்டுவிட்டு, ஆபீசர் வரவேண்டுமென்று மாதா கோயிலில் மெழுகுவத்தியும் ஏற்றிய சவுரியப்பன், இடது கட்டைவிரலை நீட்டினான்.

"கைநாட்டு வெச்சிடறேங்க. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க."