பேராசிரியரின் நெறிமுறைத் தேர்வு

ஜன்னல் வெயில் கணினித் திரையில் சாய்ந்து விழுகிறது. ஐந்து மணிக்குள் ஆய்வு நெறிமுறைப் பயிற்சியைப் பேராசிரியர் முடிக்காவிட்டால் ஆராய்ச்சி நிதி நின்றுவிடும்; அவருக்குப் பதிலாக ஆய்வு மாணவி தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறாள். அவர் கையெழுத்துக்காக மூன்று மாதமாய்க் காத்திருக்கும் அவளுடைய ஆய்வேடு பக்கத்திலேயே கிடக்கிறது. பின்னால் நின்று தேநீரை ஊதிக் குடிக்கிறவர், "சீக்கிரம்மா, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்கிறார். கடைசிக் கேள்வி வருகிறது: உங்கள் வழிகாட்டி தன் பயிற்சியை உங்களை முடிக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்? அவள் விரல் மவுஸின் மேல் அப்படியே நிற்கிறது. தேநீர் உறிஞ்சும் சத்தமும் நின்றுபோகிறது. "சரியான பதிலையே போடும்மா," என்கிறார். 'மறுப்பேன்' என்பதை அழுத்துகிறாள். பிரிண்டர் கரகரவென்று அவர் பெயரில் சான்றிதழைத் துப்புகிறது. கோப்பையை ஆய்வேட்டின் மேல் வைத்துவிட்டுத் தாளை எடுத்துப் பார்க்கிறார். "பாத்தியா, நூத்துக்கு நூறு வாங்கியிருக்கேன்!"