உப்புப் படாத கார்

கராஜ் லிஃப்டில் கார் மெல்ல மேலே ஏறியது.

அவன் கீழே நின்று அதன் அடிவயிற்றை அண்ணாந்து பார்த்தான், கோபுரத்தைப் பார்ப்பது போல.

"பதினொரு வருசம், குணாளன். ஒருநாள் உப்பு ரோட்டில இறக்கியிருப்பனோ?"

மெக்கானிக் குணாளன் தலையை ஆட்டினான். ஒவ்வொரு வருடச் சோதனையிலும் கேட்கிற வசனம்.

அவன் மனைவி கராஜ் வாசலில் நின்றாள். இடது மணிக்கட்டை வலது கையால் பொத்தியபடி.

லண்டனில் பனி பெயருக்குத்தான் விழும். ஒரு குளிர்காலத்துக்கு இரண்டு தடவை. மத்தியானத்துக்குள் சேறாகிவிடும்.

ஆனாலும் பனி உறையாமலிருக்க நகரசபை லொறி ரோட்டில் முதல் தடவை உப்புத் தூவியதும் அவன் காரைப் போர்த்திவிடுவான். உப்புப் பட்டால் துரு பிடிக்குமாம். மார்ச் வரைக்கும் கார் உறங்கும். அவள் விடிய ஐந்தரைக்கு எழும்பி முதியோர் இல்லத்து வேலைக்கு நடப்பாள்.

போன ஜனவரியில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். வீட்டிலிருந்து எட்டாவது வீட்டடியில்.

விழுந்த இடத்திலிருந்தே அவனுக்குப் போன் எடுத்தாள். மேல்மாடி ஜன்னலில் திரை விலகியது. அவளைப் பார்த்தான். ரோட்டைப் பார்த்தான்.

"டாக்ஸி ஒண்டு எடுமப்பா. ரோட்டெல்லாம் உப்பு."

அன்றிலிருந்து அவள் அவனோடு சண்டை பிடிப்பதில்லை. சண்டை பிடிப்பதற்கும் ஒரு மரியாதை வேண்டியிருக்கிறது.

இந்த முறை சோதனையில் கார் தேறாவிட்டால் சின்னதாக வேறொன்று எடுப்பது, அதை அவள் ஓட்டுவது. அவனே சொன்னான். தேறாது என்ற நினைப்பே இல்லாதவன் கொடுக்கிற வாக்கு.

குணாளன் ஸ்குரூ டிரைவரால் தட்டிக்கொண்டே போனான்.

டங். டங். டங்.

பிறகு சத்தம் வரவில்லை.

ஸ்குரூ டிரைவர் பிடிவரை உள்ளே போயிருந்தது.

சாரதிக்குப் பக்கத்து இருக்கை. அதற்கு நேர் கீழே. அவளுடைய இடம்.

"இது வெளியால வந்த துரு இல்லை, அண்ணை. உள்ளுக்கிருந்து திண்டிருக்கு."

காரை இறக்கினான். கால்விரிப்பை எடுத்து எறிந்தான். அடியில் கிடந்த கம்பளத்தை உரித்தான்.

ஒரு துணி முடிச்சு. ஒரு காலத்தில் மஞ்சள். நசநசவென்று தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது.

உள்ளே இரண்டு பிடி கல்லுப்பு.

கார்ப் பூசையன்று டயருக்குக் கீழே ஐயர் வைத்த தேசிக்காய் போதாது என்று அவனே கட்டியது. அவனே வைத்தது. கண்ணூறு படாமல்.

ஆருடைய கண்ணுக்கு என்று அன்றைக்கு அவள் கேட்டாள்.

"வெளிக்கண்ணைவிட வீட்டுக்கண்தான் பொல்லாதது," என்று சிரித்தான். அவள் இருக்கிற பக்கமாகப் பார்த்து வைத்தான்.

குணாளன் முடிச்சை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தான்.

"போர்வையைப் போட்டு ஈரத்தை அடைச்சு, உள்ளுக்கு உப்பும் வைச்சிருக்கிறியள். நீங்கள் காரோ வைச்சிருந்தனீங்கள், ஊறுகாயோ?"

அவன் அவளைப் பார்த்தான். திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் குணாளனிடம் திரும்பினாள்.

"சின்னதாய் ஒரு கார் பாரும், தம்பி. ரோட்டில ஓடுறதாய்."

காரை வெளியே எடுக்க முடியாது என்று குணாளன் சொல்லிவிட்டான். நடந்தார்கள்.

பொழுதுபட இந்தக் குளிர்காலத்தின் முதல் உறைபனி இறங்கியிருந்தது. நடைபாதை கண்ணாடியாக இருந்தது. லொறி சற்றுமுன் போன ஓரத்தில் மட்டும் மண்ணிறத்தில் உப்புச் சிதறிக் கிடந்தது.

அவன் உப்புத் தெரிகிற இடமாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தான்.

அவள் முன்னால் போனாள். பதினொரு வருடம் பழகிய கால்கள்.

எட்டாவது வீட்டடிக்கு வந்தபோது பின்னால் சப்பாத்து சறுக்கிய சத்தம் கேட்டது. அவன் கையை நீட்டினான். எட்டியது அவளுடைய இடது பக்கம்தான்.

அவள் தன் இடது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.